எஞ்சின் நின்றால் ஹெலி என்ன ஆகும்? – சுற்றுலாப் பறப்பு பற்றி எங்கள் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

கோடை பிறந்தால் மொன்றியலில் எங்கள் வீடுகளுக்கு விருந்தினர் வரத் தொடங்கிவிடுவார்கள். இலண்டனிலிருந்து மாமா குடும்பம், பாரிஸிலிருந்து சித்தி குடும்பம், நீண்ட காத்திருப்புக்குப் பிறகு விசா கிடைத்து ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா. இரண்டு வான்களைப் பிடித்துக்கொண்டு நயாகராவுக்குப் போவோம். கூட்டத்தில் ஒரு பிள்ளை வானத்தைக் காட்டி "நாங்களும் ஹெலியில் ஏறுவோமா?" என்று கேட்கும். மாமா உடனே பணப்பையை எடுப்பார். அம்மா மட்டும் ஒன்றும் பேசமாட்டார். ஹெலி என்ற சொல் அவருக்கு வேறொன்றை நினைவுபடுத்தும். வடக்கில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும் என்றுதான் பொருள்.

பிள்ளைகளுக்கு அந்த நினைவு இல்லை. அது நல்லதுதான். ஆனால் பயமும் வேண்டாம், கண்ணை மூடிய துணிச்சலும் வேண்டாம் என்றால் நடுவில் அறிவு வேண்டும். சுற்றுலா ஹெலி எப்படி வேலை செய்கிறது, பறக்கும்போது அதன் இயந்திரம் பழுதானால் என்ன நடக்கும், இதுவரை நடந்த விபத்துகள் எதைக் கற்றுத் தந்தன, ஏறுவதற்கு முன் நாம் என்ன கேட்க வேண்டும் என்பவற்றை இங்கே எழுதுகிறோம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள் என்பதால் காப்புறுதி, சட்டம் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எஞ்சின் நின்றால் கல்லைப் போல விழுமா?

விழாது. இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெலியின் மேல் விசிறியும் எஞ்சினும் நிரந்தரமாகப் பூட்டப்பட்டவை அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு வழிப் பிடி ஒன்று இருக்கிறது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின் சில்லு தானாகச் சுற்றுகிறதல்லவா? அதே ஏற்பாடுதான். எஞ்சின் நின்றவுடன் பிடி விடுபடும். விசிறி தன் பாட்டில் சுற்றும்.

ஹெலி இறங்கத் தொடங்கியதும் கீழிருந்து மேலாக வரும் காற்று விசிறியைத் தொடர்ந்து சுழற்றுகிறது. மேப்பிள் மரத்தடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இறகு உள்ள அதன் விதைகள் சுழன்று சுழன்று மெல்ல இறங்கும். அதே இயற்கை விதி. நிலத்தை நெருங்கியதும் விமானி மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைப்பார். பிறகு, சுற்றும் விசிறியில் மீதமிருக்கும் சக்தியை ஒரே தடவையில் செலவழித்து ஹெலியை மெல்லத் தரையில் வைப்பார். ஹெலி விமானிகள் எல்லோரும் இதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்திருப்பார்கள்.

ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, விமானி உடனே செயற்பட வேண்டும். இடது கையில் உள்ள நெம்பைக் கீழே தள்ளி இறகுகளின் சாய்வைக் குறைக்காவிட்டால் விசிறியின் சுழற்சி தளர்ந்துவிடும். தளர்ந்த சுழற்சியை மீட்பது கடினம். சின்ன ஹெலிகளில் இதற்குக் கிடைப்பது ஓரிரண்டு விநாடிகள்தான். இரண்டாவது, உயரம் வேண்டும். எஞ்சின் இல்லாமல் இறங்கும் ஹெலி நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 அடி வரை இறங்கும். 1,500 அடியில் பறந்துகொண்டிருந்தால் முக்கால் நிமிடமோ ஒரு நிமிடமோ கிடைக்கும். 500 அடியில் என்றால் 15 முதல் 20 விநாடிகள்தான். மூன்றாவது, கீழே இறங்க இடம் வேண்டும். மரம், மின்கம்பி, கட்டடம், ஆட்கள் இல்லாத ஒரு துண்டு நிலம்.

கணக்கு மொழியில் சொன்னால் உயரம் என்பது கையிருப்பு. வேகமும் கையிருப்புத்தான். மாதச் சம்பளம் நின்றால் வங்கியில் இருப்பதை வைத்து எத்தனை நாள் ஓட்டலாம் என்பதைப் போல, எஞ்சின் நின்றால் உயரத்தையும் வேகத்தையும் வைத்து எத்தனை விநாடி ஓட்டலாம் என்பதுதான் கேள்வி. தாழ்வாகவும் மெதுவாகவும் பறந்தால் படம் நன்றாக வரும். ஆனால் கையிருப்பு இருக்காது. சுற்றுலாப் பறப்பின் அடிப்படைச் சிக்கல் இதுதான். பயணி பணம் கொடுப்பது அருகில் போய்ப் பார்ப்பதற்கு. பாதுகாப்பு இருப்பதோ விலகி, உயர நிற்பதில்.

இயந்திரத்தில் எது பழுதாகிறது?

சுற்றுலாவுக்குப் பயன்படும் ஹெலிகளில் பெரும்பாலானவை ஒற்றை எஞ்சின் கொண்டவை. இரட்டை எஞ்சின் என்றால் விலையும் எரிபொருளும் பராமரிப்பும் கூடும். பயணச்சீட்டு விலை அதைத் தாங்காது. ஆகவே ஒன்று நின்றால் மற்றது தாங்கும் என்ற வசதி அங்கே இல்லை.

சுழலி எஞ்சின் பொதுவாக நம்பகமானது. ஆனாலும் அதற்குள் இறகுகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுற்றுகின்றன. ஓர் இறகில் விழுந்த நுண்ணிய வெடிப்பு, தேய்ந்த பேரிங், எரிபொருளை அளந்து விடும் கருவியில் கோளாறு, எரிபொருளில் தண்ணீர் அல்லது அழுக்கு, குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் இழுபட்ட பனி என்று காரணங்கள் பல. எஞ்சின் நன்றாக ஓடினாலும் அதன் வலுவை விசிறிக்குக் கொண்டுபோகும் தண்டோ பற்சக்கரப் பெட்டியோ உடைந்தால் பயணிக்கு விளைவு ஒன்றுதான்.

இவற்றை முன்கூட்டியே பிடிக்க வழிகள் இருக்கின்றன. எஞ்சின் எண்ணெய்க்குள் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார்கள். உள்ளே எங்காவது உலோகம் தேய்ந்து துகள் வந்தால் அது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். உடனே விமானியின் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஒவ்வொரு முக்கிய பாகத்துக்கும் ஆயுள் மணி இருக்கிறது. இத்தனை மணி நேரம் பறந்தால் கழற்றிச் சோதிக்க வேண்டும், இத்தனை மணி ஆனால் நன்றாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும் என்று விதி. எல்லாம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். செய்தவர் கையொப்பமிட வேண்டும்.

எங்களைப் போன்ற கணக்காளர்களுக்கு இது பழக்கமான உலகம். எங்கள் பேரேட்டில் தேய்மானம் ஒரு மதிப்பீடு. ஐந்து வருடம் என்று எழுதிய வாகனம் எட்டு வருடம் ஓடினால் இலாபம் என்று மகிழ்வோம். விமானப் பதிவேட்டில் அப்படி மகிழ முடியாது. அங்கே செய்யாத வேலையைச் செய்ததாக எழுதினாலும், செய்த வேலையை அரைகுறையாகச் செய்தாலும் கணக்கு முடிப்பது வரி அலுவலகம் அல்ல.

ஹவாய் தந்த இரண்டு பாடங்கள்

1994 ஜூலை 14ஆம் திகதி ஹவாய் தீவுகளில் ஒரே நாளில் இரண்டு சுற்றுலா ஹெலிகள் எஞ்சின் வலுவை இழந்து கடலில் இறங்கின. மொலக்காய் தீவருகே இறங்கியதில் எல்லோரும் பிழைத்தார்கள். கவாய் தீவின் நா பாலி மலைக்கரையோரம் இறங்கியதில் மூவர் மூழ்கி இறந்தார்கள். அடிபட்டதால் அல்ல, நீரில் மிதக்க வழியில்லாமல் போனதால் வந்த மரணம். அதே ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஹவாய்க்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஒற்றை எஞ்சின் ஹெலி கரையைத் தாண்டி நீர்மேல் போவதானால் அதற்கு அவசர மிதவைகள் இருக்க வேண்டும், அல்லது ஏறும் ஒவ்வொருவரும் உயிர்காப்பு அங்கியை அணிந்திருக்க வேண்டும். பொதுவாக 1,500 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது. பயணிகளுக்குப் புறப்படும் முன் வாயால் விளக்கம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சம்பவம் கனடாவில் இருக்கும் நமக்குக் கிட்டியது. 2016 பெப்ரவரி 18ஆம் திகதி, ஹவாயின் பேர்ல் ஹார்பர். ஒன்ராறியோவிலிருந்து விடுமுறைக்குப் போன ஒரு குடும்பம் பெல் 206 வகை ஹெலியில் ஏறியது. விமானியோடு சேர்த்து ஐந்து பேர். பறக்கும்போது அதிர்வும் அரைக்கும் சத்தமும் வந்தன. விமானி கரையிலிருந்த புல்வெளியில் இறக்க நினைத்தார். அங்கே ஆட்கள் நின்றதால் நீரை நோக்கித் திருப்பினார். யூ.எஸ்.எஸ். அரிசோனா நினைவகத்துக்கு அருகே கரையோர நீரில் ஹெலி விழுந்து மூழ்கியது. அதற்கு மிதவைகள் இல்லை. கரையில் நின்றவர்கள் உடனே குதித்தார்கள். நால்வரை மீட்டெடுத்தார்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஆசனப்பட்டியோடு நீருக்குள் சிக்கிக்கொண்டான். அவனையும் வெளியே கொண்டுவந்தார்கள். சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனான்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்தது. எஞ்சினின் வலுவை விசிறிப் பெட்டிக்குக் கொண்டுபோகும் தண்டு பறப்பின்போது செயலிழந்தது, அதற்குக் காரணம் சரியில்லாத பராமரிப்பு என்று முடிவு சொன்னது. இவ்வகைத் தண்டின் முனைகளில் உள்ள பல் இணைப்புகளுக்குக் குறித்த கால இடைவெளியில் கிறீஸ் வைக்க வேண்டும். கிறீஸ் குறைந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும், சூடேறும், பற்கள் தேயும். பிறகு எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் விசிறிக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இந்த அறிக்கையை வாசிக்கும்போது எங்களுக்கு இரண்டு எண்ணங்கள் வரும். ஒன்று, ஒரு கைப்பிடி கிறீஸ் விடயம் ஒரு வீட்டின் பிள்ளையைக் கொண்டுபோகிறது என்பது. மற்றது, ஒரு பையனின் மரணத்துக்காக ஒரு அரசு உடைந்த தண்டின் பற்கள் வரை தேடிப் போய்க் காரணத்தை எழுதி, உலகம் முழுவதும் வாசிக்க வெளியிட்டிருக்கிறது என்பது. எப்படி இறந்தார்கள், எங்கே இறந்தார்கள் என்று ஒரு தாளில் ஒரு வரிகூடக் கிடைக்காமல் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அறிக்கை போன உயிரைத் தராது. ஆனால் பெற்றோருக்குப் பதில் தரும். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும். அது சின்ன விடயம் அல்ல என்பது எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எஞ்சின் பழுதாகாமலும் நிற்கலாம்

2018 மார்ச் 11ஆம் திகதி நியூயோர்க்கில் கதவுகளைக் கழற்றிவிட்டுப் படமெடுக்கப் போன சுற்றுலா ஹெலி ஒன்று கிழக்கு ஆற்றில் இறங்கியது. பயணிகள் விழாமலிருக்கக் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு ஒன்று தரையிலிருந்த எரிபொருள் அடைப்பு நெம்பில் சிக்கி அதை இழுத்துவிட்டது. எஞ்சின் நின்றது. விமானி ஆற்றில் இறக்கினார். ஆனால் மிதவைகள் முழுமையாக ஊதவில்லை. ஹெலி புரண்டது. விமானி தப்பினார். ஐந்து பயணிகளும் தங்களைக் காப்பதற்கென்று கட்டிய பட்டிகளை அவிழ்க்க முடியாமல் மூழ்கினார்கள். இதன் பிறகு, உடனே கழற்ற முடியாத பட்டிகளோடு கதவில்லாமல் பறப்பதை அமெரிக்கா தடைசெய்தது.

எங்கள் நகரத்திலேயே ஒன்று நடந்தது. 2021 ஒக்டோபர் 2ஆம் திகதி மாலை, சென்ற் ஹியூபேர் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 விமானம் "என்னை மணப்பாயா" என்ற ஆங்கில வாசகப் பதாகையை இழுத்துக்கொண்டு மொன்றியல் வானில் பறந்தது. எஞ்சின் கோளாறு வந்தது. பதாகை ஆற்றில் விழ, விமானம் சென்ற் லோரன்ஸ் ஆற்றோரம் டியெப் பூங்காவில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த பயணி இறந்தார், விமானி படுகாயமடைந்தார். அது ஹெலி அல்ல, சுற்றுலாப் பறப்பும் அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. நகரத்துக்கு மேல் தாழ்வாகப் பறக்கும்போது எஞ்சின் தளர்ந்தால் யோசிக்க நேரம் இல்லை.

மொன்றியலுக்கும் ஹெலிக்கும் உள்ள உறவு

நாம் வாழும் இந்த நகரம் இந்தக் கதையில் வெறும் பார்வையாளர் அல்ல. வடக்கே மிராபெலில் 1986 முதல் பெல் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்குகிறது. உலகெங்கும் சுற்றுலாவுக்கும் யாத்திரைக்கும் பறக்கும் பெல் 206, பெல் 407 வகைகள் பல அங்கே உருவானவை. ஆற்றின் மறுகரையில் லொங்குயெயில் பிராட் அன்ட் விட்னி கனடா இருக்கிறது. ஊரில் எங்கள் தலைக்கு மேல் சுற்றிய பெல் 212இன் இரட்டை எஞ்சின் அவர்களுடைய வடிவமைப்பு. தப்பி ஓடி வந்து சேர்ந்த நகரத்தில்தான் அந்தச் சத்தத்தின் பிறப்பிடமும் இருந்தது. இயந்திரத்துக்குப் பகை இல்லை. அதை யார், எதற்கு, எப்படிப் பராமரித்துப் பயன்படுத்துகிறார் என்பதுதான் எல்லாம்.

நகர நடுவில், றொபேர்ட் புறாசா வீதியில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் இருக்கிறது. அதனைத் தோற்றுவித்த சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆவது இணைப்புத்தான் உலக விமான விபத்து விசாரணைகளின் அடிப்படை. 1951இல் முதலில் ஏற்கப்பட்ட அந்த இணைப்பின் சாரம் இதுதான்: விசாரணை செய்வது அடுத்த விபத்தைத் தடுக்க, யாரையும் குற்றவாளியாக்க அல்ல. கனடாவில் 1990இல் உருவான போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் சட்டமும் இதையே சொல்கிறது. அந்தச் சபையின் தலைமையகம் கட்டினோவில் இருக்கிறது. அதன் அறிக்கைகளை யாரும் இலவசமாக வாசிக்கலாம்.

இன்னொரு விதியும் அதில் உண்டு. விபத்து எந்த நாட்டில் நடந்தாலும் அந்த வானூர்தியை வடிவமைத்த நாடு விசாரணையில் பங்குபெற உரிமை உண்டு. பெல் 407இன் வகைச் சான்றிதழ் கனடாவுடையது. இமயமலையில் விபத்து நடந்தால் கட்டினோவில் தொலைபேசி ஒலிப்பதற்குக் காரணம் அதுதான்.

இமயமலை நமக்குத் தூரமல்ல. சென்னைக்குப் போகும் எங்கள் குடும்பங்கள் பல கேதார்நாத் யாத்திரையையும் சேர்த்துத் திட்டமிடுகின்றன. 2022 ஒக்டோபர் 18ஆம் திகதி கேதார்நாத்திலிருந்து திரும்பிய பெல் 407 விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் மூவர் சென்னையைச் சேர்ந்தவர்கள். 2025 மே 8ஆம் திகதி உத்தரகாசி மாவட்டத்தில் ஆறு பேர், ஜூன் 15ஆம் திகதி கௌரிகுண்ட் அருகே ஒரு குழந்தை உட்பட ஏழு பேர். இரண்டும் பெல் 407. உத்தரகாசி ஹெலி சாலையில் இறங்க முயன்றபோது மேலே போன கம்பியில் விசிறி பட்டது. மற்ற இரண்டும் பார்வை மறைந்த மலைப்பாதையில் நடந்தவை. இடையில், ஜூன் 7ஆம் திகதி இன்னொரு நிறுவனத்தின் ஹெலி கிளம்பியதும் தொழில்நுட்பக் கோளாறு கண்டு நெடுஞ்சாலையிலேயே இறக்கப்பட்டது. வால்பகுதி நின்றிருந்த காரில் மோதி உடைந்தது. ஐந்து யாத்திரிகர்களும் உயிரோடு இறங்கினார்கள். கோளாறு வந்த ஹெலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கோளாறில்லாமல் முகிலுக்குள் போனவர்கள் பிழைக்கவில்லை. எஞ்சினை மட்டும் பயந்துகொண்டு வானிலையை மறப்பது பெரிய தவறு.

ஏறுவதற்கு முன்

நாம் பொறியியலாளர் அல்ல. எஞ்சினைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் செய்யக்கூடியவை உண்டு.

1. நிறுவனத்துக்குக் கனடிய போக்குவரத்து அமைச்சின் வணிக விமான இயக்குநர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். முறையான நிறுவனம் இதைக் கேட்டதற்குக் கோபப்படாது. அவர்களைப் பற்றிய விபத்து அறிக்கைகளையும் தேடிப் பாருங்கள்.

2. நீர்மேல் பறக்குமா? பறந்தால் மிதவை உண்டா, உயிர்காப்பு அங்கியை உடலில் அணிவிப்பார்களா? ஆசனத்துக்குக் கீழே இருக்கும் அங்கி அவசரத்தில் கைக்கு வராது.

3. கதவில்லாத பறப்பைத் தவிருங்கள். படத்துக்காக அவ்வளவு வேண்டாம்.

4. எடை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பலர் பத்துக் கிலோ குறைத்துச் சொல்லிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறோம். நான்கு பேர் அப்படிச் சொன்னால் கணக்கில் இல்லாத நாற்பது கிலோ ஏறுகிறது. எஞ்சின் நின்று இறங்கும்போது அந்த எடைக்கும் விலை உண்டு.

5. பாதுகாப்பு விளக்கம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் இருக்கும். அம்மா அப்பாவுக்குப் புரியாது. தலையாட்டிவிட்டு ஏறுவார்கள். ஏறும் முன்னரே தமிழில் சொல்லிக்கொடுங்கள். ஆசனப்பட்டியை அவர்கள் கையாலேயே இரண்டு மூன்று தடவை பூட்டிக் கழற்றச் சொல்லுங்கள். காரில் உள்ள பட்டியைப் போல அது இருக்காது. கதவுக் கைப்பிடி எந்தப் பக்கம், எப்படித் திறப்பது என்று தொட்டுக் காட்டுங்கள். சேலைத் தலைப்பு, சால்வை, தளர்ந்த பை எதுவும் பறக்காமல் கட்டிக்கொள்ள வேண்டும்.

6. அவசரமாக நிலத்தில் இறங்கினால் விசிறி நிற்கும் வரை வெளியே ஓடக் கூடாது. நீரில் இறங்கினால் முதலில் ஒரு கையால் கதவு விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் பட்டியைக் கழற்ற வேண்டும். நீருக்குள் தலைகீழானால் திசை தெரியாது, அந்தக் கைதான் வழிகாட்டும். அங்கியை வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். உள்ளே ஊதினால் கூரையோடு ஒட்டிவிடும்.

7. வானிலை சரியில்லை என்று விமானி சொன்னால் வாதாட வேண்டாம். "நாளைக்கு நாங்கள் திரும்பிப் போக வேண்டும், இன்றைக்கே ஏற்றுங்கள்" என்று கெஞ்சுவது எங்கள் வழக்கம். பறக்கமாட்டேன் என்று சொல்லும் விமானிதான் நல்ல விமானி.

காகித வேலை

கியூபெக்கில் கார் விபத்தில் காயப்பட்டால் யார் பிழை என்று பாராமல் மாகாண வாகனக் காப்புறுதிச் சபை இழப்பீடு தரும். அந்தப் பழக்கத்தில் எல்லா விபத்துக்கும் அரசு தரும் என்று நினைத்துவிடுகிறோம். ஹெலி வாகனம் அல்ல. அந்தத் திட்டம் பொருந்தாது.

மொன்றியல் பெயரைத் தாங்கிய 1999ஆம் ஆண்டின் சர்வதேசச் சாசனம் விமானப் பயணிகளுக்கு இழப்பீட்டு உரிமை தருகிறது. ஆனால் அது நாடு விட்டு நாடு போகும் பயணத்துக்கு. ஒரே இடத்தில் கிளம்பி அதே இடத்தில் இறங்கும் சுற்றுலாப் பறப்பு அதற்குள் வராது. உள்ளூர்ச் சட்டம்தான் முடிவுசெய்யும்.

ஏறும் முன் பொறுப்புத்துறப்புப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவார்கள். கியூபெக் குடியியல் சட்டத்தின் 1474ஆவது பிரிவுப்படி உடற்காயத்துக்கான பொறுப்பை ஒருவர் முன்கூட்டியே விலக்கிக்கொள்ள முடியாது. மற்ற மாகாணங்களிலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே கையொப்பம் உங்கள் உரிமையைக் குறைக்கலாம். வாசித்துவிட்டுப் போடுங்கள்.

ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். விபத்து மரணத்துக்கான மேலதிகத் தொகை, விமானத்தில் கட்டணப் பயணியாகப் போனால் மட்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். சுற்றுலா ஹெலி அதற்குள் அடங்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். கனடாவுக்கு வெளியே போனால் பயணக் காப்புறுதி கட்டாயம். கியூபெக் சுகாதாரக் காப்புறுதி வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கும் நாளொன்றுக்கு 100 டொலர் வரைதான் தரும். அமெரிக்க மருத்துவமனையின் ஒரு நாள் செலவுக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

கடைசியாக, சொல்லக் கூசும் ஒன்று. 2025 ஏப்ரல் 10ஆம் திகதி நியூயோர்க் ஹட்சன் ஆற்றில் விழுந்த பெல் 206 ஹெலியில் ஸ்பெயினிலிருந்து வந்த தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் என ஒரு குடும்பமே விமானியோடு சேர்ந்து முடிந்துபோனது. அந்த ஹெலி வானிலேயே உடைந்தது. எங்கள் குடும்பங்களில் ஒருவரின் உழைப்பில் மூன்று நாட்டில் மூன்று வீடுகள் நிற்கின்றன. இங்கே வீட்டுக்கடன், ஊரில் பெற்றோர், இந்திய முகாமில் சகோதரம், இதற்கு மேல் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டு அழைத்த உறவுகள். ஆசைப்பட்டால் ஏறுங்கள். ஆனால் பெற்றோர் இருவரும் ஒரே பறப்பில் போகாமல் இரண்டு தடவையாகப் போகலாம். ஒருவர் கீழே நின்று கை காட்டட்டும். அதனால் பணம் கூடாது, நேரம்தான் கொஞ்சம் கூடும். சிறு பிள்ளைகள் இருந்தால் உயிலில் அவர்களின் பாதுகாவலர் யார் என்று எழுதிவையுங்கள். கியூபெக் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இது ஹெலிக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் நெடுஞ்சாலையில் கார் ஓட்டும் எவருக்கும் தேவையானது.

பிள்ளை மறுபடியும் கேட்கும், "ஏறுவோமா?" என்று. இனி அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுபோய்ச் சீட்டு விற்கும் இடத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் அம்மாவுக்குப் பட்டியைப் பூட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு ஏறுங்கள். வராவிட்டால் நீர்வீழ்ச்சி கீழேயிருந்து பார்த்தாலும் அழகுதான்.